நிறுத்தி நிறுத்திப் பார்த்த 'ரூட்ஸ்'

1977 ஜனவரி 23 முதல் 30 வரை, எட்டு இரவுகள் தொடர்ச்சியாக, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ஓர் அடிமைக் குடும்பத்தின் கதையை ஒளிபரப்பியது. அலெக்ஸ் ஹேலி எழுதிய 'ரூட்ஸ்' நாவலின் தொடர் வடிவம் அது. வாரம் ஒரு பகுதி என்று போடாமல் அடுத்தடுத்த நாட்களில் போட்டுத் தள்ளியதற்குக் காரணம், ஓடாவிட்டால் ஒரே வாரத்தில் தலைமுழுகிவிடலாம் என்று நிறுவனம் கணக்குப் போட்டதுதான் என்று அப்போதிருந்தே ஒரு பேச்சு உண்டு. ஆனால் கடைசி இரவில் சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். அன்றைய அமெரிக்க மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி.

அதே வாரத்தில் இங்கே நெருக்கடி நிலை இன்னும் விலக்கப்படவில்லை. தேர்தல் வரப்போகிறது என்ற அறிவிப்பு மட்டும் வந்திருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹேலியின் புத்தகம் வெளிவந்த ஆண்டும் 1976, நம் நாட்டில் கொத்தடிமை முறை செல்லாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய ஆண்டும் 1976. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நாங்கள் இரண்டையும் சேர்த்தே சொல்வோம். 'அடிமை முறை அங்கே எப்பவோ, அது பழைய கதை' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், தங்கள் தாத்தா படியாளாக இருந்தது சட்டப்படி குற்றமானதே அந்த ஆண்டில்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நாவலைத் தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் நம்மில் பலர் படித்திருக்கிறோம். இயக்கத்துக்கு வருகிறவர்களின் கையில் முதலில் திணிக்கப்படும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. தொடரைப் பார்த்தவர்கள் குறைவு. எங்களுக்கு அது டிவிடி பெட்டியாகக் கிடைத்தது. சென்னையில் வேலை பார்த்த தோழர் ஒருவர் பர்மா பஜாரில் வாங்கி வைத்திருந்து, வீடு மாற்றும்போது எங்களிடம் தள்ளிவிட்ட பெட்டி. அசலா நகலா என்று நாங்கள் கேட்கவில்லை. விளம்பரம் நீங்கலாக ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். படவேட்டில் எங்கள் தெருப் படிப்பகத்தில், ஞாயிறு சாயங்காலங்களில், இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துப் பார்த்து முடித்தோம்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வீட்டு வீடியோ என்றால் 'டெக்'. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காரியம் எதுவானாலும் கலர் டிவியும் டெக்கும் மூன்று கேசட்டும் ஓர் இரவு வாடகைக்கு வரும். ஊர்த் தெருவில் போட்டால் நம் ஆட்கள் தெருமுனையில் நின்று பார்ப்பார்கள். நம் தெருவில் போட்ட அன்று ஊர்ப் பிள்ளைகள் இருட்டில் வந்து நிற்பார்கள். உட்கார மாட்டார்கள். வாடகை விடிந்தால் முடிந்துவிடும் என்பதால் யாரும் எதையும் நிறுத்திப் பார்த்ததில்லை, பாட்டைத் திரும்பப் போடச் சொல்வதைத் தவிர. அமெரிக்காவில் 1977-ல் பார்த்தவர்களுக்கும் நிறுத்த வழியில்லை, ஓடுகிறபோது பார்த்தால்தான் உண்டு. எங்களுக்கு அந்த வசதி இருந்தது. வேலூரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வார்கள், பின்வரிசையில் இருந்து 'ஏய் நிறுத்து நிறுத்து' என்று குரல் வரும், நிறுத்துவோம். ஒரு மணி நேரப் பகுதி மூன்று மணி நேரம் போகும். அந்த நிறுத்தங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் பெரிய நிறுத்தம் எல்லோரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். காம்பியாவின் ஜூஃபுரே கிராமத்தில் பிடிக்கப்பட்டு அமெரிக்காவில் விற்கப்படும் குண்டா கிண்டேக்கு டோபி என்று பெயர் வைக்கிறார்கள். ஓடப் பார்த்து மாட்டிக்கொண்டவனைக் கட்டி வைத்து, பெயரைச் சொல்லச் சொல்லிச் சாட்டையால் அடிக்கிறார்கள். குண்டா, குண்டா என்கிறான். கடைசியில் டோபி என்கிறான். இளைய குண்டாவாக நடித்த லெவார் பர்ட்டனுக்கு அப்போது 19 வயது, கல்லூரி மாணவர். அடிக்கச் சொல்கிறவன் வெள்ளைக்காரன், சாட்டையைப் பிடித்திருப்பவன் இன்னோர் அடிமை. அந்த இடத்தில்தான் 'நிறுத்து' வந்தது. பேச்சு குண்டாவைப் பற்றி நடக்கவில்லை, சாட்டை பிடித்தவனைப் பற்றியே நடந்தது. தஞ்சைப் பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்ததும், 1940-களில் சீனிவாச ராவ் போன்றவர்கள் சங்கம் கட்டி அதை நிறுத்தியதும் பிள்ளைகளுக்குத் தெரியும். 'அங்கேயும் அடிக்கிற கை நம்ம ஆள் கையாத்தானே இருந்திருக்கும்?' என்று பிளஸ் டூ படிக்கும் ஒரு தங்கை கேட்டாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருவோம். நமக்குப் பெயரை மாற்றச் சவுக்கு தேவைப்படவில்லை. கர்ணம் எழுதியது பெயர், பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் எழுதியது பெயர். குப்பன், மண்ணாங்கட்டி என்று இருந்தால் அது நம் ஆட்களுக்கு மட்டும் வைத்தது என்று சொல்லிவிட முடியாது. பிள்ளை தங்காத வீடுகளில் எல்லாச் சாதியிலும் அப்படி வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் கூப்பிடுவதில் இருந்தது. ஊர்த் தெருவின் பத்து வயதுப் பையன் எழுபது வயதுக் குப்பனை 'டே குப்பா' என்றான். நல்ல பெயராக வைத்துக்கொண்டவரையும் பாதியாய் வெட்டித்தான் கூப்பிட்டான். பெயர் வைக்கும் உரிமை ஒருவேளை நம்மிடம் இருந்தது. அதைக் கூப்பிடும் விதம் நம்மிடம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் சாதிப் பெயரைப் பின்னால் போடாமல் தலைப்பெழுத்து வைத்துக்கொள்வது பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிலம் இல்லாதவனுக்கு அந்த ஒற்றை எழுத்தோடு வம்சம் முடிந்துவிடுகிறது. நிலம் வைத்திருப்பவனுக்குப் பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, பாகப்பிரிவினை வழக்கு இருக்கிறது. சண்டை போட்டாவது தாத்தா பெயரை நினைவில் வைத்திருப்பான். படவேடு சாதாரண ஊர் இல்லை, 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகரம். கல்லில் பெயர் வெட்டிய ஊர். அதில் நம் பெயர் எங்கே என்று தேடுகிறவர்கள் கிடைத்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்.

ரேணுகாம்பாள் கதையும் அன்றைக்குப் பேச்சில் வந்தது. ஆடி மாதத்தில் இங்கே வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மனின் தலைக்குத்தான் வழிபாடு. பரசுராமன் தாயை வெட்டும்போது அவளைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றப் பார்த்த சேரிப் பெண்ணையும் சேர்த்து வெட்டினான், உயிர் கொடுக்கும்போது தலை மாறிவிட்டது என்று ஒரு கதை தமிழ்நாடு முழுக்க உண்டு. தலை உயர்ந்த சாதி, உடம்பு சேரி. தெலுங்குப் பக்கம் போனால் அந்தப் பெண்ணை மாதங்கி என்பார்கள், எல்லம்மா என்பார்கள். எங்கள் தெருவில் கேட்டோம். 'ஒரு சேரிப் பொம்பள' என்றார்கள். அவ்வளவுதான். காப்பாற்ற வந்து கழுத்தைக் கொடுத்தவளுக்கு எங்கள் தெருவிலேயே பெயர் இல்லை.

தொடரில் குண்டாவின் மகள் கிஸி, பல ஆண்டுகள் கழித்து அப்பாவின் புதைகுழியைத் தேடி வருகிறாள். மேலே டோபி என்று எழுதிய பலகை. அதைக் கீறி அழித்துவிட்டுக் குண்டா கிண்டே என்று எழுதுகிறாள். சவுக்கடிக் காட்சியைப் பற்றி உலகமே பேசுகிறது. எங்களுக்கு இந்தக் காட்சிதான் பெரிது. எழுதத் தெரிந்ததால்தான் அவளால் அது முடிந்தது. எழுதத் தெரிந்ததால்தான் அவள் விற்கவும் பட்டாள். காதலன் தப்பித்துப் போக அனுமதிச் சீட்டை அவளே எழுதிக் கொடுத்தாள் என்பதுதான் குற்றம்.

அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் ஆன் என்ற வெள்ளைக்காரப் பெண். சின்ன வயதிலிருந்து சிநேகிதி. நீ என் உயிர்த்தோழி என்று சொன்னவள். கிஸியைத் தாய் தகப்பனிடமிருந்து பிய்த்து வண்டியில் ஏற்றுகிறபோது சன்னலில் நின்று பார்க்கிறாள். இறங்கி வரவில்லை. கிஸி விற்கப்பட்ட இடத்தில் முதலாளி டாம் மூர் முதல் நாள் இரவே அவளை வன்புணர்கிறான். பிறக்கும் பிள்ளைதான் சிக்கன் ஜார்ஜ்.

பல வருடம் போகிறது. வயதான கிஸி வேலை செய்கிற இடத்தில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. உள்ளே வயதான ஆன். தாகம், தண்ணீர் கேட்கிறாள். கிஸிக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனுக்கோ அந்தப் பெயரில் யாரையும் ஞாபகம் இல்லையாம். கிஸி தண்ணீர் கொண்டுவரப் போகிறாள். குவளையில் துப்பிவிட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஆன் குடிக்கிறாள்.

எங்கள் படிப்பகத்தில் அன்று எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆயாக்கள், அதுவரை பாதிப் படத்தைத் தூங்கிக் கழித்தவர்கள், மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார்கள். 'இன்னொரு வாட்டி போடுடா' என்று ஓர் ஆயா சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீரைக் குவளையில் வாங்க முடியாமல் கையைக் குவித்து ஏந்திக் குடித்தவர்கள். டீக்கடையில் தேங்காய்ச் சிரட்டை, அப்புறம் தனி டம்ளர், அப்புறம் பிளாஸ்டிக் கப் என்று எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்கள். தண்ணீரைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன வீட்டுக்காரியே வயலில் தாகம் எடுத்தால் யார் கொடுத்தாலும் குடித்த கதை அவர்களிடம் இருக்கிறது. ஒருவரும் 'துப்பியது தப்பு' என்று சொல்லவில்லை. கல்லூரி முடித்த எங்கள் பையன்களில் இரண்டு பேர்தான், 'அந்தப் பெண் ஆன் தனியாள்தானே, அமைப்பைத்தானே எதிர்க்கணும்' என்று பேசிப் பார்த்தார்கள். ஆயாக்கள் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

இந்த இடத்தில் யார் எடுத்தார்கள் என்ற கேள்விக்கு வந்தோம். திரைக்கதைக்குத் தலைமை தாங்கிய வில்லியம் பிளின் வெள்ளையர். இயக்குநர்கள் நான்கு பேரில் கில்பர்ட் மோசஸ் ஒருவர் மட்டும் கறுப்பர். வெள்ளைப் பார்வையாளர்கள் முகம் சுளித்துச் சேனலை மாற்றிவிடக் கூடாது என்று, அவர்கள் ஏற்கெனவே நேசித்த தொலைக்காட்சி முகங்களாகப் பார்த்து அடிமை முறையை நடத்துகிற வெள்ளையர் வேடங்களுக்குப் போட்டார்கள். 'பொனான்சா'வின் அப்பா லோர்ன் கிரீன், 'வால்டன்ஸ்' அப்பா ரால்ஃப் வெயிட், 'பிராடி பஞ்ச்' அப்பா ராபர்ட் ரீட். எல்லா வீட்டின் நல்ல அப்பாக்களும் அடிமை வியாபாரத்தில் வந்து நிற்கிறார்கள். இது வியாபாரத் தந்திரம்தான், ஆனால் விளைவு தந்திரத்தை மீறிப் போய்விட்டது என்பது எங்கள் கருத்து. அந்த நல்ல அப்பாக்களை எப்படி நம்புவது என்ற கேள்வி கொஞ்சமாவது எழுந்திருக்கும்.

இதற்கு நேர் எதிர், எட் ஆஸ்னர் நடித்த கப்பல் தலைவர் டேவிஸ். பக்திமான். அடிமைகளை ஏற்றிப் போகிற கப்பலில் நின்று மனசாட்சியோடு போராடுகிறார். போராடிக்கொண்டே கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். கப்பலின் அடித்தட்டில் சங்கிலியில் கிடப்பவர்களுக்கு எவ்வளவு நேரமோ, மேல்தட்டில் இவர் வருத்தப்படுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம். தமிழ் சினிமாவிலும் இவரை நமக்கு நன்றாகத் தெரியும். ஊர்த் தெருவில் எப்போதும் ஒரு நல்லவர் இருப்பார், படம் முடிகிற நேரத்தில் அவர் கண் கலங்குவார், நாம் சமாதானமாகி வீட்டுக்குப் போக வேண்டும். டேவிஸ் வரும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் 'வந்துட்டாரு நாட்டாமை' என்று கத்தினார்கள்.

கடைசிப் பகுதியில் பெரிய சண்டையே நடந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னும் முகமூடி போட்டுக்கொண்டு வந்து அடித்த கும்பலின் தலைவனை, ஜார்ஜின் மகன் டாம் மரத்தில் கட்டி வைத்திருக்கிறான். அதற்கு முன்பு டாமைச் சவுக்கால் அடிக்க வைத்தவன் அவன். இப்போது சவுக்கு டாமின் கையில். ஓங்குகிறான், அடிக்கவில்லை. குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு டென்னசிக்குப் போய்ச் சொந்த நிலத்தில் கால் வைக்கிறது. ஹேலியே திரையில் வந்து கதையை முடித்து வைக்கிறார்.

'அடிச்சிருக்கணும்' என்று பாதிப் பேர். 'அடிச்சிருந்தா அடுத்த நாள் அந்தத் தெருவையே கொளுத்தியிருப்பானுங்க' என்று மீதிப் பேர். இரண்டாவது கட்சி சொன்னது பயத்தில் சொன்னதில்லை, வன்கொடுமை நடந்த இடங்களுக்கு உண்மை அறியும் குழுவோடு போய் வந்த அனுபவத்தில் சொன்னது. ஆனால் டாம் அடிக்காமல் விடுவதற்குத் தொடர் சொல்லும் காரணம் அது இல்லை. அவன் அவர்களைப் போல் ஆகிவிடக் கூடாதாம். நாங்கள் இதை ஏற்கவில்லை. அடிபட்டவன்தான் எப்போதும் தன் மேன்மையை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும், அடித்தவன் கட்டவிழ்த்துவிட்டால் நடந்து போய்விடலாம். பத்துக் கோடிப் பேர் நிம்மதியாகத் தூங்கப் போவதற்கு எழுதிய முடிவு இது. வழக்கு, தண்டனை என்ற பேச்சே அங்கு வரவில்லை. அது வராததுதான் உண்மையான வரலாறு என்பது வேறு விஷயம்.

ஹேலியைப் பற்றியும் மறைக்காமல் பேசினோம். 'தி ஆஃப்ரிக்கன்' நாவலை எழுதிய ஹெரால்ட் கூர்லண்டர், தன் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார் என்று வழக்குப் போட்டார். 1978-ல் 6,50,000 டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே லண்டன் சண்டே டைம்ஸின் மார்க் ஒட்டவே, ஜூஃபுரேயில் ஹேலிக்கு வம்சக் கதை சொன்னவரின் சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்று கேள்வி கேட்டு எழுதினார். பின்னால் வம்ச ஆவண ஆய்வாளர்களும் ஹேலி காட்டிய பதிவுகள் அவர் சொன்ன கதையோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார்கள்.

'அப்ப இது பொய்யாண்ணா?' என்றான் ஒருவன். அடிமைக் கப்பல் பொய் இல்லை, சவுக்கு பொய் இல்லை, விற்கப்பட்ட பிள்ளைகள் பொய் இல்லை. நாவலாக மட்டும் சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது என் குடும்பத்தின் உண்மை, ஆவணம் இருக்கிறது என்று சொன்ன இடத்தில்தான் அடி விழுந்தது. அதன்பின் அடிமை முறையைப் பற்றிப் பேச விரும்பாத ஆட்களுக்கெல்லாம் ஹேலியின் பிழை வசதியான சாக்காகப் போயிற்று. நம் வேலையில் இது தினசரி ஆபத்து. ஒரு வன்கொடுமை அறிக்கையில் பத்து உண்மையோடு ஒரு மிகை சேர்ந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வார்.

அங்கிருந்துதான் எங்கள் நோட்டு தொடங்கியது. தெருவில் வீடு வீடாகப் போய், தெரிந்த வரை முன்னோர் பெயரை எழுதுகிறோம். யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது, ஓலையோ தாளோ ஏதாவது இருக்கிறதா, வெறும் வாய்ச்சொல்லா என்பதைப் பக்கத்தில் எழுதுகிறோம். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுகிறோம். அப்பா வழியை மட்டும் கேட்டால் ஆயாக்கள் விடுவதில்லை. 'எங்க அம்மா பேரும் எழுது' என்கிறார்கள். தாய்வழியில்தான் பெயர்கள் அதிகம் கிடைக்கின்றன. இது எங்களுக்கே ஆச்சரியம்.

எங்கள் திரையில் இதெல்லாம் எங்கே? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் 12 பேர் திருவண்ணாமலை மாவட்டத்தவர், ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் இருந்து போன கூலிகள். படவேட்டைச் சுற்றிய ஊர்களுக்கும் பிணங்கள் வந்தன. ஆறு ஆண்டு கழித்து செம்மரக் கடத்தலை வைத்தே 'புஷ்பா' வந்தது, கொண்டாட்டமாக ஓடியது. மரம் வெட்டும் கூலிகள் அதிலும் இருக்கிறார்கள், கதாநாயகனுக்குப் பின்னால் நிற்கிற கூட்டமாக. கூலியாகத் தொடங்குகிற புஷ்பாவுக்கு முழுப் பெயர் கிடைக்காத அவமானம் ஒன்று கதையில் உண்டு, அதை ரசித்தோம். பின்னால் நிற்கிறவனின் பெயரை அந்தப் படமும் கேட்கவில்லை. மாலை நேரத் தமிழ் சீரியல்களைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தப் பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரு சேரி இருந்தாக வேண்டும், இத்தனை வருடமாகக் கேமரா அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. அம்பேத்கர் வாழ்க்கைத் தொடர் 2020-ல் 'மகாநாயக' என்று கன்னடத்தில் ஓடியபோது கர்நாடகக் கிராமங்களில் மக்கள் தாங்களே காசு போட்டு அதற்குப் பேனர் கட்டினார்கள். பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போன எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். நம் நிலைமையோ, ஜப்பார் பட்டேல் இயக்கி மம்முட்டி நடித்த அம்பேத்கர் படம் தமிழில் திரையரங்குக்கு வர 2010 டிசம்பர் வரை காத்திருந்தது. அதுவும் நீதிமன்றம், இயக்கங்கள், அலைச்சல் எல்லாவற்றுக்கும் பிறகு.

1946-ல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அனுப்பும் மனுவின் படி வேண்டும் என்று கேட்டார், டுபாய்ஸ் பதில் போட்டார். பூலே 1873-லேயே 'குலாம்கிரி'யை அடிமை ஒழிப்புக்குப் போராடிய அமெரிக்கர்களுக்குச் சமர்ப்பித்தார். அவர்கள் அங்கே பார்த்தது அழுவதற்காக அல்ல, அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள. 'ரூட்ஸ்' பார்க்கிற தம்பி தங்கைகளும் அப்படிப் பாருங்கள். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். ஊரில் வயதானவர்களோடு உட்கார்ந்து பாருங்கள், ரிமோட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.

நோட்டில் இப்போதைக்கு நான்காம் தலைமுறையைத் தாண்டியது ஒரே ஒரு வீடு. அதுவும் ஓர் ஆயாவின் தாயின் தாயின் தாய், பெயர் பச்சையம்மா. கமண்டல நதிக் கரையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது வலி எடுத்துப் பிள்ளை பெற்றாராம். பக்கத்தில் 'வாய்ச்சொல்' என்று எழுதியிருக்கிறோம்.